போக முடியாத இடத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்! - திருச்சுழிப் பிள்ளைகளுக்கும் எட்டும் விண்வெளித் தொலைநோக்கி விளையாட்டு

திருச்சுழி பஸ் ஸ்டாண்டிலிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பஸ் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ குடிக்க நிற்காது, டீசல் போட நிற்காது, ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். அந்த பஸ் 15 லட்சம் கிலோமீட்டரைக் கடந்து, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இருக்கும் இடத்தைச் சேர 2 வருடம் 10 மாதம் ஆகும்.

'அவ்வளவுதானா, போய்விடலாமே!' என்று தோன்றலாம். ஆனால், மனிதர்கள் இதுவரை போன அதிகபட்ச தூரமே நிலாவைச் சுற்றி வந்த சுமார் 4 லட்சம் கிலோமீட்டர்தான். 1990-ல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கி பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால், 1993 முதல் 2009 வரை ஐந்து முறை விண்வெளி வீரர்கள் நேரில் போய் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்தார்கள். ஜேம்ஸ் வெப்புக்கு அந்த வசதி இல்லை. 2021 டிசம்பர் 25 அன்று ராக்கெட்டில் ஏற்றி அனுப்பியதோடு சரி. அதைத் தங்கள் கையால் பூட்டிய இன்ஜினீயர்களால்கூட இனி அதன் பக்கத்தில் போய் நிற்க முடியாது.

அந்த வகையில் அமெரிக்காவில் அதைக் கட்டியவரும், திருச்சுழியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையும் ஒன்றுதான். இருவருமே போக முடியாது. போனது மாதிரி நின்று பார்க்க ஒரே வழி, வி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மெய்நிகர் உலகம்.

கண்ணுக்கு மாட்டினால் விண்வெளி

நாசாவின் ஜேம்ஸ் வெப் திட்டத்துக்காக உருவான விளையாட்டின் பெயர் 'வெப் வி.ஆர்.'. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. துப்பாக்கி, சண்டை, பாயின்ட் எதுவும் இதில் கிடையாது. தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால், தொலைநோக்கி உங்கள் முன்னால் மிதக்கும். அண்ணாந்து பார்த்தால் அதன் தங்கக் கண்ணாடி தெரியும். குனிந்தால் வெயில் தடுப்புக் கூரை. சுற்றுப்பாதை என்றால் என்ன, ஈர்ப்பு விசை எப்படி இழுக்கிறது என்பதையெல்லாம் கையால் ஆட்டிப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

பாடப்புத்தகத்தில் இந்தத் தொலைநோக்கி ஒரு தபால்தலை அளவுப் படம். எதிரில் நின்று பார்க்கும்போதுதான் அதன் பிரமாண்டம் புரியும். முதன்மைக் கண்ணாடியின் குறுக்களவு 6.5 மீட்டர். ஏறக்குறைய இரண்டு மாடி உயரம். இவ்வளவு பெரிய கண்ணாடி எந்த ராக்கெட்டுக்குள்ளும் நுழையாது என்பதால், அறுகோண வடிவில் 18 துண்டுகளாகச் செய்து, மடக்கி உள்ளே வைத்து அனுப்பினார்கள். விண்வெளியில் அது பூ விரிவது போல விரிந்தது.

ஆறு பவுன் தங்கமும் அஞ்சடுக்குப் பந்தலும்

நம் வீட்டுப் பெண்களுக்குப் பிடித்த கணக்கு ஒன்று. அந்த 18 கண்ணாடிகளின் மேலும் பூசியிருப்பது அசல் தங்கம். மொத்தம் எத்தனை கிலோ இருக்கும் என்கிறீர்கள்? வெறும் 48 கிராம் சொச்சம். நம் கணக்கில் 6 பவுன்! சுமார் 25 சதுர மீட்டர் பரப்புக்கு, அதாவது ஒரு பெரிய ஹாலின் தரை அளவுக்கு, ஆறு பவுன் தங்கம் போதுமானதாக இருந்திருக்கிறது. அவ்வளவு மெல்லிய பூச்சு.

ஏன் தங்கம்? ஜேம்ஸ் வெப் முக்கியமாகப் பார்ப்பது அகச்சிவப்புக் கதிர்களை. அது நம் கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளி. அதைப் பிடித்துத் திருப்பி அனுப்புவதில் தங்கம் கெட்டிக்காரன்.

வெப்பத்தைப் பார்க்கும் கருவியே சூடாக இருந்தால் என்ன ஆகும்? பட்டப்பகலில் டார்ச் அடித்து எதையோ தேடுகிற கதைதான். தன் சூட்டிலேயே அதற்குக் கண் கூசிவிடும். அதனால் சூரியனுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஐந்து அடுக்குத் திரை கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் டென்னிஸ் மைதானம் அளவு, ஆனால் தலைமுடி கனம்தான் இருக்கும். வெயில் படும் பக்கம் சுமார் 85 டிகிரி செல்சியஸ். கண்ணாடி இருக்கும் நிழல் பக்கமோ மைனஸ் 233 டிகிரி.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் சித்திரை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இந்த சூத்திரத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒற்றைத் தகரத்துக்குக் கீழே உட்கார முடியாது. அதற்கும் கீழே ஒரு கீற்றுத்தட்டி கட்டி, நடுவே காற்றுப் போக இடைவெளி விட்டால் உட்காரலாம். ஜேம்ஸ் வெப்பின் திரையிலும் அடுக்குகளுக்கு நடுவே அந்த இடைவெளிதான் முக்கியம். அங்கே காற்று கிடையாது. ஆனாலும், ஒரு அடுக்கு வாங்கிய சூடு அடுத்த அடுக்குக்கு முழுதாகப் போகாமல், இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறது.

வாசலில் ஆதித்யா, கொல்லையில் வெப்

ஜேம்ஸ் வெப் இருக்கும் இடத்துக்கு 'எல்-2' என்று பெயர். சூரியனிலிருந்து பூமிக்கு ஒரு நேர்கோடு போட்டு, பூமியைத் தாண்டி அந்தக் கோட்டை இன்னும் 15 லட்சம் கிலோமீட்டர் நீட்டினால் அந்த இடம் வரும். பூமி நம் வீடு, சூரியன் இருப்பது வாசல் பக்கம் என்றால், வெப் இருப்பது கொல்லைப்புறம்.

வாசல் பக்கம் அதே 15 லட்சம் கிலோமீட்டரில் இருப்பது 'எல்-1'. அங்கே நிற்கிறது நம் இஸ்ரோவின் ஆதித்யா எல்-1. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று போய்ச் சேர்ந்தது. ஏழு கருவிகளுடன் சூரியனை இடைவிடாமல் கவனிக்கிறது. எல்-1 புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட அது எடுத்துக்கொள்வது 178 நாள்கள்.

இந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். விருதுநகர் மாவட்டத்தை ஒட்டியிருக்கும் தென்காசி மாவட்டத்தில் பிறந்த ஒரு பெண், இந்தியாவின் முதல் சூரிய ஆய்வு விண்கலத்தை வழிநடத்தி இடம் சேர்த்திருக்கிறார். வி.ஆரில் பிள்ளை ஜேம்ஸ் வெப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றியதும், இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஆதித்யாவுக்கு முன்பே நமக்கு ஒரு விண்வெளித் தொலைநோக்கி உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், 650 கிலோமீட்டர் உயரத்திலிருந்து புற ஊதாக் கதிர்களிலும் எக்ஸ் கதிர்களிலும் வானத்தைப் பார்க்க அனுப்பப்பட்டது. 930 கோடி ஒளியாண்டு தூரத்து கேலக்ஸி ஒன்றிலிருந்து வந்த புற ஊதா ஒளியை அது பிடித்த செய்தி 2020-ல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2024 புத்தாண்டு அன்று எக்ஸ்போசாட்டும் போய்ச் சேர்ந்துகொண்டது.

செத்த நட்சத்திரத்துக்குள் நடக்கலாம்

வி.ஆரில் நமக்கு இன்னொரு சொந்தமும் இருக்கிறது. நாசாவின் எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் பெயர் 'சந்திரா'. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அது. பெயர் வைப்பதற்காக நாசா ஒரு போட்டி நடத்தியது. சுமார் 6,000 பேர் எழுதினார்கள். ஒரு பள்ளி மாணவரும் ஒரு பள்ளி ஆசிரியையும் வென்றார்கள். இருவரும் சொன்ன பெயர் சந்திரா. 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்கலத்தில் அது ஏறியது.

எக்ஸ் கதிர்களைப் பார்க்க ஏன் விண்வெளிக்குப் போக வேண்டும்? நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று அவற்றைத் தடுத்துவிடுகிறது. அது நம் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் உயிர்கள் இங்கே பிழைத்திருக்காது. ஆனால், அதே காரணத்தால் பூமியில் எத்தனை பெரிய தொலைநோக்கியை வைத்தாலும் எக்ஸ் கதிர் வானம் தெரியாது.

சந்திரா அனுப்பிய தகவல்களை வைத்து, 11,000 ஒளியாண்டு தூரத்தில் வெடித்துச் சிதறிய காசியோப்பியா-ஏ என்ற நட்சத்திரத்தின் மிச்சத்தை முப்பரிமாண வடிவமாக்கினார்கள். பிறகு சந்திரா மையமும் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதை வி.ஆருக்குக் கொண்டுவந்தன. அந்தச் சிதறலுக்கு நடுவே நின்று 'இங்கே இரும்பு, அங்கே சிலிக்கான்' என்று பார்க்கலாம். நம் ரத்தத்தில் ஓடும் இரும்பும் இப்படிப்பட்ட நட்சத்திரங்களில் உருவானதுதான். கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது என்று பிள்ளையிடம் மல்லுக்கட்டும் அம்மாக்கள், இனி அந்த இரும்பின் பூர்வீகத்தையும் எடுத்துச் சொல்லலாம்!

நம் பால்வெளியின் மையத்தில், 26,000 ஒளியாண்டு தூரத்தில், 40 லட்சம் சூரியன்களின் எடை கொண்ட கருந்துளை ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் நின்று சுற்றிலும் பார்ப்பது போன்ற 360 டிகிரி வீடியோவையும் சந்திரா குழு வெளியிட்டிருக்கிறது. அதை யூடியூபிலேயே பார்க்கலாம்.

ஹெட்செட் இல்லையா? போன் போதும்

'இதெல்லாம் சரி, எங்க ஊருல யாருகிட்ட சார் ஹெட்செட் இருக்கு?' என்பது நியாயமான கேள்வி. நல்ல ஹெட்செட்டுகள் பல்லாயிரம் ரூபாய். 'வெப் வி.ஆர்.' ஓட, அதோடு வசதியான ஒரு கம்ப்யூட்டரும் தேவை. மானாவாரியாக மிளகாயும் பருத்தியும் போட்டு, மழைக்குக் காத்திருக்கும் குடும்பத்தில் அதற்கு இடமில்லை. பெரிய கோளரங்கம் பார்க்க வேண்டும் என்றாலும் திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். அதனால் கையில் இருப்பதை வைத்தே தொடங்குவோம்.

1. சும்மா போன்: யூடியூபில் 360 டிகிரி விண்வெளி வீடியோக்களைத் திறந்து, போனைப் பிடித்தபடி உடம்பைத் திருப்புங்கள். காட்சியும் கூடவே திரும்பினால், உங்கள் போனில் ஜைரோஸ்கோப் சென்சார் இருக்கிறது என்று அர்த்தம். திரும்பாவிட்டாலும் பரவாயில்லை, விரலால் தள்ளிப் பார்க்கலாம்.

2. அட்டைப்பெட்டி: 2014-ல் கூகுள் அறிமுகப்படுத்திய கார்ட்போர்டு வடிவத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஓர் அட்டை, இரண்டு லென்ஸ், நடுவே ஒரு தடுப்பு. இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி எடுத்த இன்னொரு படம். இரண்டையும் மூளை சேர்க்கும்போது ஆழம் தெரிகிறது. வி.ஆரின் அடிப்படை ரகசியமே இதுதான். ரெடிமேடாகச் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது.

3. பிரவுசர்: நாசாவின் 'ஐஸ் ஆன் தி சோலார் சிஸ்டம்' பக்கத்தைத் திறந்தால், ஜேம்ஸ் வெப் இப்போது எங்கே இருக்கிறது என்பதை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கலாம். செலவு, டேட்டா மட்டும்தான்.

4. பள்ளி: அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்திருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. ஆசிரியர் மனது வைத்தால், ஒரே ஒரு அட்டைப்பெட்டியில் ஒரு வகுப்பே வரிசையாகப் பார்த்துவிடலாம்.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டுகளின் மொழி ஆங்கிலம். அட்டைப்பெட்டிக்குள் கண்ணை வைத்திருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, 'இப்ப மேல பாரு... அதுதான் கண்ணாடி... எத்தனை துண்டு, எண்ணு பார்க்கலாம்' என்று நம்ம ஊர்த் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். அது டீச்சராக இருக்கலாம், காலேஜ் படிக்கும் அக்காவாக இருக்கலாம். அந்த ஒரு குரல் இல்லாவிட்டால், 'சூப்பரா இருந்துச்சு' என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

விளையாட்டு மறைக்கும் மூன்று விஷயங்கள்

ஒன்று, நேரம். வி.ஆரில் இரண்டே நொடியில் எல்-2 வந்துவிடும். நிஜத்தில் ஜேம்ஸ் வெப் போய்ச் சேரவே சுமார் ஒரு மாதம் ஆனது. முதல் வண்ணப்படங்கள் 2022 ஜூலை 12 அன்றுதான் வந்தன.

இரண்டு, நிறம். அகச்சிவப்புக்கும் எக்ஸ் கதிருக்கும் நம் கண்ணுக்குத் தெரிகிற நிறம் கிடையாது. விஞ்ஞானிகள் எந்தக் கதிருக்கு எந்த நிறம் என்று ஒழுங்கு வைத்துக்கொண்டு தீட்டுகிறார்கள். பொய் இல்லை, மேப்பில் ஆற்றுக்கு நீலம் தீட்டுவது மாதிரி ஓர் ஏற்பாடு. குண்டாற்றில் தண்ணீரே ஓடாத மாதங்களிலும் மேப்பில் அது நீலமாகத்தானே இருக்கிறது!

மூன்று, கற்பனை. கருந்துளைக்குப் பக்கத்தில் நிற்கும் காட்சி போட்டோ கிடையாது. அளந்து தெரிந்துகொண்ட தகவல்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்துக் கணக்கிட்ட காட்சி. எது படம், எது கணக்கு என்று பிரித்துக் கேட்கப் பிள்ளையைப் பழக்கிவிட்டால், நாளைக்கு வாட்ஸ்அப்பில் வரும் போலிப் படங்களிடமும் அது ஏமாறாது.

மொட்டை மாடியில் மீதிப் பாடம்

பெரிய நகரங்களில் இல்லாத ஒரு வசதி திருச்சுழி வட்டாரத்துக்கு உண்டு. ரமண மகரிஷி பிறந்த ஊர், திருமேனிநாதர் கோயில் ஊர் என்று வெளியூர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்கும் இந்த ஊரைக் கொஞ்சம் தாண்டினாலே கரிசல் காடுதான். ஆளுயரக் கட்டடம் எதுவும் மறைக்காத வானம். தெருவிளக்கு எட்டாத கண்மாய்க் கரையில் நின்றால், மழை மேகம் இல்லாத மாதங்களில் நட்சத்திரங்கள் கொட்டிக்கிடக்கும்.

தை, மாசி மாதங்களில் இரவு எட்டு மணிக்கு மேல் அண்ணாந்து பாருங்கள். ஒரே கோட்டில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அதுதான் ஓரியன் கூட்டம். அதில் சிவந்து தெரிவது உங்கள் வீட்டு ஜாதகத்தில் இருக்கும் திருவாதிரை. மூன்று நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலேயே மங்கலாக, பஞ்சு போல ஒரு புள்ளி இருக்கும். 1,300 ஒளியாண்டு தூரத்தில் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் ஓரியன் நெபுலா அது. ஜேம்ஸ் வெப் படமெடுத்த அதே இடத்தை நீங்கள் வெறும் கண்ணால் பார்க்கிறீர்கள். அப்படியே தெற்கே திரும்பினால் பளிச்சென்று ஒற்றையாக நிற்பது அகத்திய நட்சத்திரம். லண்டனிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்கு மேல் வரவே வராது.

முதலில் வானம், பிறகு வி.ஆர்., மறுபடியும் வானம். இந்த வரிசையில் காட்டினால், 'நான் அங்கதான் போயிட்டு வந்தேன்' என்று பிள்ளை விரல் நீட்டிச் சொல்லும்.

பெற்றோர் கவனத்துக்கு...

* ஹெட்செட்டில் போட்டிருக்கும் வயது வரம்பைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு சும்மா போன் வீடியோவே போதும்.
* கண் 'நகர்கிறோம்' என்று சொல்லும், காது 'உட்கார்ந்திருக்கிறோம்' என்று சொல்லும். இந்தக் குழப்பத்தில் சிலருக்குக் குமட்டும். நாற்காலியில் உட்காரவைத்து, ஐந்து நிமிடத்தில் ஓய்வு கொடுங்கள்.
* லென்ஸை வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள். பூதக்கண்ணாடி மாதிரி சூரிய ஒளியைக் குவித்து, போன் திரையைச் சுட்டுவிடும்.
* ஆதித்யா பார்க்கிறதே என்று சூரியனை வெறும் கண்ணாலோ பைனாகுலராலோ பார்க்க விடாதீர்கள். பார்வையே போகலாம்.

பேரும் ஊரும் கேட்காத தொலைநோக்கி

விருதுநகர் மாவட்டம், வளர்ச்சியில் முன்னேற வேண்டிய மாவட்டங்களின் தேசியப் பட்டியலில் 2018-ல் இடம்பெற்றது. தறி, மில், பட்டாசு, மானாவாரி விவசாயம் என்று உழைக்கும் வீடுகளில், 'விண்வெளி எல்லாம் நமக்கு எதுக்குப்பா?' என்ற பேச்சு இயல்பாக வரும். அதற்கு மூன்று பதில்கள் இருக்கின்றன.

முதல் பதில், பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில் இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. வேலைகள் நம் வட்டாரத்துக்கே நெருங்கி வருகின்றன.

இரண்டாவது பதில், உங்கள் போனுக்குள் இருக்கிறது. 2007-ல் தொடங்கிய 'கேலக்ஸி ஜூ' திட்டத்தில், கேலக்ஸி படங்களைப் பார்த்து வகை பிரிக்க யார் வேண்டுமானாலும் சேரலாம். அந்த வருடமே ஹன்னி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்து பள்ளி ஆசிரியை, யாரும் அதுவரை கவனிக்காத ஒரு விசித்திர வாயு மேகத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆதித்யா, ஆஸ்ட்ரோசாட் தகவல்களையும் இஸ்ரோ இணையத்தில் வெளியிடுகிறது. கல்லூரி மாணவர்கள் எடுத்து ஆராயலாம்.

மூன்றாவது பதில்தான் பலருக்கும் தெரியாதது. ஜேம்ஸ் வெப்பில் நேரம் கேட்டு உலகின் எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தைப் படித்து மதிப்பிடுபவர்களுக்கு, எழுதியவர் யார், எந்த நிறுவனம் என்று காட்டுவதில்லை. அவர்கள் கையில் இருப்பது கேள்வி மட்டும்தான். கேள்வி நன்றாக இருந்தால் தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பும்.

ஜேம்ஸ் வெப்பில் இருக்கும் எரிபொருள் 20 வருடங்களுக்கு மேல் தாங்கும் என்று கணித்திருக்கிறார்கள். இன்று திருச்சுழியிலோ நரிக்குடியிலோ அட்டைப்பெட்டிக்குள் எட்டிப்பார்க்கும் 13 வயதுப் பெண், முனைவர் பட்டம் முடித்து நிற்கும்போதும் அது வேலை செய்துகொண்டிருக்கக்கூடும். அவளிடம் அப்போது ஒரு நல்ல கேள்வி இருக்க வேண்டும். கேள்வி கேட்கும் பழக்கத்தை இந்த வாரமே தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு 360 டிகிரி வீடியோ, அது முடிந்ததும் மாடியில் பாய் விரித்து அரை மணி நேரம். 'அது ஏம்ப்பா சிவப்பா இருக்கு?' என்று பிள்ளை கேட்டால், பதில் தெரியாவிட்டாலும் 'சும்மா இரு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இருவரும் சேர்ந்தே தேடிப் பாருங்கள்!